தண்ணீர் ஊற்றி ஊற்றியே கொன்ற வெள்ளிச் செடி

இரண்டரை வருடத்தில் ஏழு செடிகள் செத்தன. ஒரே வகைச் செடி, லூகோஃபில்லம் என்கிற வெள்ளி இலைப் புதர். ஒரே தோட்டம், கொன்றதும் ஒரே ஆள், நான்தான். "இதைக் கொல்லவே முடியாதுங்க, வெச்சுட்டு மறந்துடுங்க" என்று சொல்லித்தான் நர்சரிக்காரர் முதல் மூன்றையும் கையில் கொடுத்தார். வைத்தேன். மறக்கத்தான் முடியவில்லை. எட்டாவது செடி இப்போது வாசல் கேட்டை ஒட்டி இடுப்பளவு உயரத்துக்கு நிற்கிறது. நடுவில் செடிக்கும் மண்ணுக்கும் உரத்துக்கும் தொட்டிக்கும் போன காசைக் கூட்டிப் பார்த்தால், நன்றாக வளர்ந்து பூத்த பெரிய செடியாகவே நாலு வாங்கி வைத்திருக்கலாம். காசாவது போகட்டும், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கடப்பாரையும் கையுமாக நின்றேனே, அந்த நேரத்தை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. விஷயம் தெரிந்த யாராவது அன்றைக்கே பக்கத்தில் உட்கார்ந்து பத்து நிமிடம் பேசியிருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது. அந்தப் பத்து நிமிடப் பேச்சைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஆசை வந்த கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன். வேலைக்குப் போகும் வழியில் ஒரு கட்டடத்தின் சுற்றுச்சுவரை ஒட்டி வரிசையாக ஒரு செடி. தினமும் பார்ப்பதுதான், யாரோ சாம்பலைத் தூவிவிட்டுப் போனது மாதிரி வெளுத்த இலை, தார் ரோட்டுச் சூட்டில் வாடாமல் நிற்கும், அவ்வளவுதான். ஒருமுறை ரெண்டு நாள் விடாமல் மழை. மூன்றாம் நாலாம் நாளில் அதே வழியாகப் போகிறேன், வரிசை முழுக்க ஊதா. இலை தெரியாத அளவுக்குப் பூ. மணி மாதிரி தொங்கும் சின்னச் சின்னப் பூ, ஒவ்வொன்றும் கட்டைவிரல் நுனி அளவு இருக்கும். வண்டியை ஓரம் கட்டிவிட்டு நின்று பார்த்தேன். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் பூவெல்லாம் கொட்டி, பழையபடி சாம்பல். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், இது என் வீட்டிலும் இருக்க வேண்டும் என்று.

முதல் தப்பு பெயரிலேயே நடந்தது. நர்சரியில் அட்டையில் எழுதியிருந்தது 'பர்ப்பிள் சேஜ்'. சேஜ் என்றால் சமையலில் போடும் மூலிகை, அதன் வளர்ப்பு முறையைத் தேடிப் படித்து, மூலிகைதானே என்று நானாகவே ஈரம் குறையாமல் பார்த்துக்கொண்டேன். உண்மையில் ரெண்டுக்கும் சொந்தமே கிடையாது. சமையல் சேஜ் நம் துளசியின் குடும்பம். இந்தச் செடியின் தாவரப் பெயர் லூகோஃபில்லம் ஃப்ரூட்டெசென்ஸ், குடும்பமே வேறு. லூகோஸ் என்றால் கிரேக்கத்தில் வெள்ளை, ஃபில்லோன் என்றால் இலை. ஸ்பானிய மொழியில் இதை 'செனிசோ' என்பார்கள், சாம்பல் என்பதற்கான சொல்லிலிருந்து வந்த பெயர். அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்திலும் மெக்சிகோவின் வடபகுதியிலும் சுண்ணாம்புப் பாறைச் சரிவுகளில் தானாக வளர்கிற புதர் இது. டெக்சஸ் 2005-இல் இதைத் தன் மண்ணுக்கே உரிய புதர் என்று அதிகாரபூர்வமாகவே அறிவித்திருக்கிறது. பாறை, சுண்ணாம்பு, சரிவு என்ற மூன்று சொல்லிலேயே வளர்ப்பு முறை மொத்தமும் இருக்கிறது, நான்தான் ரெண்டு வருடம் கழித்துப் படித்தேன். அதனால் வெள்ளி இலைச் செடி எது வாங்கினாலும் சரி, தாவரப் பெயரைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வெள்ளி இலையுள்ள செடிகள் ஏகப்பட்டது உண்டு, எல்லாவற்றுக்கும் ஒரே பழக்கம் இல்லை. கடையில் சொல்கிற செல்லப் பெயரை வைத்துத் தேடினால் என்னை மாதிரி வேறொரு செடியின் ஜாதகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

மூன்று செடிகளையும் தோட்டத்திலேயே 'நல்ல' இடத்தில் வைத்தேன். நல்ல இடம் என்றால், ஏற்கெனவே செம்பருத்தியும் மல்லியும் செழிப்பாக இருக்கிற இடம். மண் கறுப்பாக, கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கும். குழிக்குப் பாதி மண்புழு உரம், மேலே காய்ந்த இலை மூடாக்கு, தண்டை ஒட்டி அணைத்தாற்போல. காலையில் ஒரு குடம், மாலையில் ஒரு குடம். போதாதென்று இலைக்கும் தெளிப்பான் வைத்து அடித்தேன், குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று. பத்தாம் நாள் பக்கத்து வீட்டு அக்கா மதில்மேல் எட்டிப் பார்த்து, "தம்பி, செடி பூரா சாம்பல் நோய் புடிச்சிருக்கு பாரு, மருந்து அடிச்சிரு" என்றார். அவர் தோட்டத்தில் முப்பது வருட அனுபவம் உள்ளவர், சாம்பல் நோய் என்றால் அவருக்கு நன்றாகவே தெரியும். எனக்கோ வாங்கும்போதே இலை இப்படித்தான் இருந்ததா, இப்போது கூடிவிட்டதா என்று குழப்பம். ஒரு இலையை ஈரத்துணியால் அழுத்தித் துடைத்துப் பார்த்தேன். வெள்ளை வந்துவிட்டது, உள்ளே பச்சை. அவ்வளவுதான், நோயேதான் என்று முடிவுகட்டி மூன்று செடியையும் துடைத்து, மருந்தும் அடித்தேன்.

துடைத்ததில் போனது நோய் இல்லை, செடியின் சட்டை. வெயில் படும் பக்கமாக ஒரு இலையைத் திருப்பி, கண்ணுக்கு ரொம்பக் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். வெல்வெட் துணியில் இருப்பது மாதிரி நுண்ணிய ரோமம் அடர்த்தியாக இருக்கும். அதுதான் வெள்ளி. உள்ளே இருப்பது சாதாரணப் பச்சை இலைதான். அந்த ரோமம் வெயிலைத் திருப்பி அடிக்கிறது, இலையை ஒட்டி ஓடும் காற்றைத் தடுத்து ஈரம் ஆவியாகாமல் பார்த்துக்கொள்கிறது. அதைத் தேய்த்து எடுத்தால் குடையைப் பிடுங்கிவிட்டு வெயிலில் நிறுத்திய மாதிரி. சாம்பல் நோய் என்றால் திட்டுத் திட்டாக ஆரம்பிக்கும், ஒரு இலையில் இருக்கும், பக்கத்து இலையில் இருக்காது, கொழுந்து சுருளும். இதில் எல்லா இலையிலும் ஒரே சீராக இருக்கும், புதுக் கொழுந்தில் இன்னும் கூடுதலாக இருக்கும். இந்த வித்தியாசம் தெரிந்தால் போதும். இலைக்குத் தண்ணீர் தெளிக்கும் வேலையும் வேண்டாம். அந்த ரோமம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், சீக்கிரம் காயாது, புள்ளி விழும்.

மூன்றாவது வாரம் அடி இலைகள் மஞ்சளாக ஆரம்பித்தன. நுனி தொங்கியது. செடி தொங்கினால் தாகம் என்பதுதானே நமக்குத் தெரிந்த கணக்கு. மதியமும் ஒரு குடம் கூட்டினேன். ஊற்ற ஊற்றத் தொங்கல் அதிகமானது. ஆறாவது வாரம் மூன்றும் போய்விட்டன. உள்ளுக்குள் ஒரு மாதிரி அவமானமாக இருந்தது, உண்மையைச் சொன்னால். கொல்லவே முடியாது என்ற செடியைக் கொன்றவன் என்று. ஒன்றைப் பிடித்து இழுத்தேன், எதிர்ப்பே இல்லாமல் கையோடு வந்தது. வேரை விரலால் உருவினேன். மேல்தோல் உறை மாதிரி வழுக்கிக்கொண்டு கழன்று வந்து, உள்ளே நூல் மாதிரி ஒரு நரம்பு மட்டும் மிச்சம் நின்றது. சாக்கடை வாடை. நல்ல வேர் இழுத்தால் அறுபடும், உரியாது. உரிந்தால் அழுகல்.

மண்ணுக்குள் தண்ணீர் தேங்கினால் காற்று போக இடம் இருக்காது. காற்றில்லாமல் வேர் மூச்சுத் திணறும், அழுகவைக்கிற பூஞ்சணம் மாதிரியான உயிரிகளுக்கு அது விருந்து. வேர் அழுகிவிட்டால் மண்ணில் எவ்வளவு ஈரம் இருந்தாலும் உறிஞ்ச ஆளில்லை, அதனால் மேலே செடி தாகத்தில் தொங்குகிறது. தண்ணீர்க் குளத்தில் நின்றுகொண்டே தாகத்தில் சாகிறது. பார்க்க ரெண்டு தொங்கலும் ஒரே மாதிரிதான் இருக்கும். பிரித்தறிய நான் இப்போது பார்ப்பது நேரத்தை. மதிய வெயிலில் மட்டும் சோர்ந்து, வெயில் தாழ்ந்ததும் நிமிர்ந்தால் பயமில்லை. விடியற்காலைக் குளிர்ச்சியிலும் தொங்கிக்கொண்டிருந்தால், அடி இலை மெத்தென்று மஞ்சளாகி தொட்டால் உதிர்ந்தால், ஊற்றுவதை அந்த நிமிடமே நிறுத்த வேண்டும். சந்தேகம் வந்தால் காய்ந்த மூங்கில் குச்சி ஒன்றை ஒரு சாண் ஆழத்துக்குக் குத்தி, பத்து நிமிடம் கழித்து உருவிப் பாருங்கள். குச்சி நிறம் மாறி, மண் ஒட்டி வந்தால் தண்ணீர் வேண்டாம். மேல்மண் காய்ந்திருப்பது ஒரு பொருட்டே இல்லை, அது ஏமாற்றும்.

இவ்வளவும் தெரிந்த பிறகு அடுத்த ரெண்டு செடிகள் பிழைத்திருக்க வேண்டும் இல்லையா? அங்கேதான் அரைகுறை அறிவு வேலை செய்தது. மண் இறுக்கம்தானே பிரச்சினை, மண்ணையே மாற்றிவிடுவோம் என்று கிளம்பினேன். ரெண்டு ஞாயிற்றுக்கிழமை, முட்டி ஆழம், அதே அகலத்தில் ரெண்டு குழி. களிமண் மொத்தத்தையும் வாரிக் கொட்டிவிட்டு, பருமணலும் பொடி ஜல்லியும் கலந்து நிரப்பினேன். முதுகு பிடித்துக்கொண்டு மூன்று நாள் நிமிர முடியவில்லை, ஆனால் பெருமை தாங்கவில்லை. செடியும் ரெண்டு மாதம் அருமையாக வந்தது. பிறகு ஒரு ராத்திரி நல்ல மழை. சுற்றிலும் இருக்கிற களிமண் தண்ணீரை உள்ளே விடவில்லை, அத்தனையும் வழிந்து வந்து என் மணல் குழிக்குள் நிறைந்துவிட்டது. அடியும் களிமண், போக வழியில்லை. காலையில் மணலை விரலால் நோண்டினால் நாலு விரல் ஆழத்தில் தண்ணீர் பளபளக்கிறது. களிமண்ணில் மணல் குழி வெட்டுவதும் தொட்டி கட்டுவதும் ஒன்றுதான் என்று அன்றைக்குப் புரிந்தது. பத்து நாளில் ரெண்டும் காலி.

இதைத் தவிர்க்க ஒரு சின்னச் சோதனை போதும், நடுவதற்கு முதல்நாளே செய்துவிடலாம். ஒரு அடி ஆழத்துக்குக் குழி தோண்டி, தண்ணீர் நிரப்பி வடியவிடுங்கள். முழுக்க வடிந்ததும் மறுபடி நிரப்பி, ஒரு குச்சியில் கோடு போட்டு வைத்து, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். இரண்டரை சென்டிமீட்டராவது இறங்கினால் ஓரளவு சமாளிக்கலாம், அதற்கு மேல் இறங்கினால் கவலையே இல்லை. என் தோட்டத்தில் முதல் தடவை நிரப்பியதே மறுநாள் காலைவரை பாதிக்குமேல் நின்றது. அப்படிப்பட்ட மண்ணில் கீழ்நோக்கித் தோண்டக் கூடாது, மேல்நோக்கிக் கட்ட வேண்டும். அதைப் பின்னால் சொல்கிறேன், ஏனென்றால் அந்தப் புத்தி வருவதற்குமுன் இன்னும் ரெண்டு உயிர் போக வேண்டியிருந்தது.

மண்ணே வேண்டாம், தொட்டியில் வைப்போம் என்று ஆறாவதையும் ஏழாவதையும் வாங்கினேன். அடியில் நாலு விரல் கனத்துக்கு ஜல்லி, மேலே தென்னை நார்க்கழிவும் உரமும் கலந்த ரெடிமேட் கலவை, தரை அழுக்காகாமல் இருக்கக் கீழே தட்டு. மூன்றுமே தப்பு. நார்க்கழிவு பஞ்சு மாதிரி ஈரத்தைப் பிடித்து வைக்கும், தாகமுள்ள செடிக்கு அது வரம், இதற்குச் சாபம். அடியில் ஜல்லி போட்டால் தண்ணீர் நன்றாக வடியும் என்பது பரம்பரையாக வரும் நம்பிக்கை. உண்மையில் நைசான மண்ணிலிருந்து பெரிய ஜல்லிக்குத் தண்ணீர் லேசில் இறங்காது, மேலே உள்ள மண் நிறைந்து ததும்பிய பிறகுதான் கீழே சொட்டும். ஆகவே ஈர மண்டலம் வேருக்கு இன்னும் பக்கத்தில் ஏறி வந்துவிடுகிறது, ஜல்லி பிடித்த இடமும் வீண். தொட்டி முழுக்க ஒரே கலவையாக, பாதிக்குமேல் பருமணலோ பெர்லைட்டோ (சூட்டில் பொரித்த, எடையில்லாத வெள்ளைக் கல்) பொடி ஜல்லியோ இருப்பது மாதிரி கலந்தால் போதும். தட்டை எடுத்துவிட்டுத் தொட்டியை ரெண்டு செங்கல்மேல் தூக்கி வையுங்கள், ஓட்டை மூச்சு விடட்டும்.

ஆறாவது செத்தது நான் ஊரில் இல்லாத பத்து நாளில். "பாத்துக்கோங்க" என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனேன். பார்த்துக்கொண்டார், தட்டு நிறைய நிறைய. அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? அதனால் வெளியூர் போகிறவர்கள் யாரிடமும் இந்தச் செடியை ஒப்படைக்காதீர்கள். வேர் பிடித்த செடி பத்து நாள், பதினைந்து நாள் தானாக இருக்கும், தொட்டியில் இருந்தால்கூடக் கிளம்பும் அன்று ஒருமுறை ஊற்றிவிட்டுப் போனால் போதும்.

ஏழாவதுதான் ரொம்பக் கொடுமை, ஏனென்றால் அது தண்ணீரால் சாகவில்லை. வெயிலுக்குப் பயந்து போர்டிகோ நிழலில் வைத்திருந்தேன். சாகவில்லை, ஆனால் செடியாகவும் இல்லை. கிளைகள் வெளிச்சத்தைத் தேடி ஒரு பக்கமாகச் சாய்ந்து நீண்டன, கணுவுக்குக் கணு இடைவெளி கூடியது, புது இலை வெள்ளியாக இல்லாமல் பச்சையாகவே வந்தது. வெயில் இல்லாத இடத்தில் இலை பச்சையாகத்தான் தெரியும், செடியும் நோஞ்சானாகும். உரம் அதிகமானாலும் இதே கதிதான். பலவீனமான நீளக் கிளை, அடியில் மொட்டை. நான் அதைச் சீராக்குகிறேன் பேர்வழி என்று மாதாமாதம் வேலிக் கத்திரியால் சதுரப் பெட்டியாக வெட்டினேன். பூ இலைக்காம்பின் இடுக்கில், புதுத் தளிரில் வருகிறது. மாதம் ஒருமுறை நுனியை மழித்தால் மொட்டும் சேர்ந்துதான் குப்பைக்குப் போகும். ஒன்றே கால் வருடம் ஒரு பூகூடப் பார்க்கவில்லை. கடைசியில், 'முழு வெயில்' என்று எங்கோ படித்துவிட்டு, ஒரே நாளில் தூக்கிக்கொண்டு போய் மொட்டை மாடியில் வைத்தேன், அதுவும் கடும் கோடையில். நாலே நாளில் இலையெல்லாம் காகிதமாகக் கருகியது. வெயிலுக்கென்றே பிறந்த செடி வெயிலில் செத்தது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். நிழலில் வளர்ந்த இலைக்கு அந்த ரோமக் கவசம் முழுசாக இல்லை, அதான் காரணம். முதல் சில நாள் காலை வெயில் மட்டும், பிறகு ஒரு மணி ரெண்டு மணி கூட்டி, ரெண்டு வாரத்தில் முழு வெயிலுக்கு நகர்த்தியிருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு ஆறு மாதம் எதையும் நடவில்லை. அந்தக் கட்டடத்தின் வழியாகப் போகும்போதுகூட முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ஒருநாள் அங்கே ஒரு பெரியவர் அந்த வரிசையில் கிளை வெட்டிக்கொண்டிருந்தார். வண்டியை நிறுத்தி, "ஐயா, இதுக்கு எத்தனை நாளைக்கு ஒருதரம் தண்ணி விடுவீங்க?" என்று கேட்டேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு, "இதுக்கா? எதுக்குங்க?" என்றார். அவ்வளவுதான் பதில். செடி நின்ற இடத்தை அப்போதுதான் கவனித்தேன். கட்டடம் கட்டியபோது மிஞ்சிய ஜல்லியும் சுண்ணாம்புக் காரையும் உடைந்த கல்லும் கொட்டிய மேடு, ரோட்டைவிட ஒரு அடி உயரம். குப்பை மேடு என்று நாம் ஒதுக்குகிற இடம் அதன் தாய்வீட்டுப் பாறைச் சரிவு மாதிரியே இருந்திருக்கிறது. சுண்ணாம்பு கலந்த, காரத்தன்மையுள்ள மண் இதற்கு ஒத்துப்போகும். வெட்டிப் போட்ட கிளையில் ஒரு கை அள்ளி, "கொண்டு போங்க, வந்தா வரட்டும்" என்று கொடுத்தார்.

போத்து வைத்த கதையிலும் ஒரு பாடம். இருபது குச்சி, விரல் நீளம், ரொம்பக் கொழுந்தும் இல்லாமல் முற்றிய மரமும் இல்லாமல் நடுத்தரம். கீழ் இலைகளை உருவிவிட்டு, பத்தைப் பிளாஸ்டிக் கவரால் மூடி வைத்தேன், மற்ற போத்துகளுக்கெல்லாம் அப்படித்தான் செய்வோம். ரெண்டே வாரத்தில் பத்தும் கறுத்து அழுகின. மூடிய ஈரத்தில் இலை ரோமம் நனைந்தபடியே இருந்ததுதான் காரணம். மீதிப் பத்தைப் பருமணலும் பெர்லைட்டும் கலந்த கலவையில், மூடாமல், நேர் வெயில் படாத வெளிச்சத்தில் வைத்தேன். ஆறு வாரம் கழித்து மூன்று வேர் விட்டிருந்தன. இருபதுக்கு மூன்று பெரிய மார்க் இல்லை, ஆனால் எனக்கு அன்றைக்குத் திருவிழா.

அதில் ஒன்றுதான் வாசல் செடி. இந்தமுறை குழியே தோண்டவில்லை. தரையை மண்வெட்டியால் லேசாகக் கொத்திவிட்டு, அதன்மேல் முழங்கால் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவாக, ஒன்றேகால் மீட்டர் அகலத்தில் ஒரு மேடு கட்டினேன். தோட்டத்து மண் ஒரு பங்கு, பருமணலும் பொடி ஜல்லியும் சேர்ந்து ரெண்டு பங்கு. களிமண்ணில் கொஞ்சூண்டு மணல் கலக்காதீர்கள், அது காய்ந்தால் கட்டியாகச் சிமெண்டு மாதிரி இறுகும், கலந்தால் தாராளமாகக் கலக்க வேண்டும். உரம் ஒரு பிடிகூடப் போடவில்லை, கை பரபரத்தது, அடக்கிக்கொண்டேன். தண்டும் வேரும் சேரும் இடம் மேட்டின் மட்டத்துக்கு ஒரு விரல் மேலேயே இருக்கும்படி நட்டு, மேலே இலை மூடாக்குக்குப் பதிலாகக் கூழாங்கல் பரப்பினேன். நர்சரிச் செடி வாங்கி நடுகிறவர்கள் இன்னொன்று செய்யுங்கள், வேர்ப்பந்தைச் சுற்றியுள்ள நார்க்கழிவை முடிந்தவரை உதிர்த்துவிடுங்கள். இல்லையென்றால் மணல் மேட்டுக்கு நடுவில் ஈரப் பஞ்சு ஒன்று தண்டைக் கட்டிக்கொண்டே இருக்கும்.

தண்ணீர்க் கணக்கைக் காலண்டரில் எழுதி ஒட்டினேன், என்னை நானே நம்பாததால். முதல் மாதம் வாரத்துக்கு ரெண்டு தடவை, பிறகு வாரத்துக்கு ஒன்று, நாலாம் மாதத்திலிருந்து பதினைந்து நாளுக்கு ஒன்று. ஊற்றினால் ஆழமாக, மேடு முழுக்க நனைய. மற்ற நாளில் சொட்டுகூட இல்லை. மழை பெய்த வாரம் கணக்கில் இல்லை. முதல் வருடம் தாண்டியதும் மழையில்லாமல் நெடுநாள் காய்ந்தால் மட்டும். எந்த வறட்சியையும் தாங்கும் என்று சொல்வது வேர் பிடித்த பிறகுதான், வைத்த அன்றைக்கே மறந்துவிடலாம் என்பது இல்லை. நர்சரிக்காரர் சொன்னதிலும் அந்தப் பாதி விட்டுப்போயிருந்தது. வெட்டுவது வருடத்துக்கு ஒருமுறை, புதுத் துளிர் கிளம்புவதற்கு முன்னால், கைக்கத்திரியால், உள்ளே குறுக்கே போகும் கிளையாகப் பார்த்து. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுப்பதில்லை. அதன் இயல்பான உருண்டை உருவம் பெட்டியைவிட அழகாகவே இருக்கிறது. விட்டால் ஆறடி, எட்டடிவரை போகும், அகலமும் அதே அளவு வரும், அதனால் நடைபாதையை ஒட்டி வைக்காதீர்கள். நான் வைத்துவிட்டு இப்போது கேட்டைத் திறக்கும்போது ஒதுங்கிப் போகிறேன். குளிர் பிரதேசத்தில் இருப்பவர்களுக்கு: சுமார் மைனஸ் 12 டிகிரி வரை தாங்கக்கூடியது, ஆனால் குளிரும் ஈரமும் சேர்ந்தால் தாங்காது. வருடம் முழுக்கச் சதசதவென்று இருக்கும் இடமோ, அரை நாள் வெயில்கூட வராத இடமோ உங்களுடையது என்றால் இந்தச் செடியை விட்டுவிடுங்கள். என் ரெண்டரை வருடம் உங்களுக்கு வேண்டாம்.

பூ வந்தது ரெண்டாம் வருடத்தில். இதை வானிலை சொல்லும் செடி என்பார்கள், காற்றில் ஈரப்பதம் ஏறி, மழை பெய்தால் மொட்டு விடும். மழை வருவதற்கு முன்பே சொல்லிவிடும் என்கிறவர்களும் உண்டு, என்னுடையது எப்போதும் பெய்து முடிந்த பிறகுதான் சொல்கிறது. மூன்று நாள் மழைக்குப் பிறகு ஒரு காலை, பால் எடுக்கக் கதவைத் திறந்தால் சாம்பல் நிறத்துக்கு நடுவே ஊதா ஊதாவாக மொட்டு. மறுநாள் விரிந்தது. ஒரு பூவைக் கவிழ்த்து உள்ளே பார்த்தேன், ஐந்து இதழ் மடல், தொண்டையில் பழுப்பாகச் சின்னச் சின்னப் புள்ளி, நுண்ணிய ரோமம். தேனீ ஒன்று தலையை முழுசாக உள்ளே விட்டு, பின்பக்கம் மட்டும் வெளியே தெரிய ஆடிக்கொண்டிருந்தது. எட்டு நாள் இருந்தது பூ. அந்த எட்டு நாளும் வேலைக்குத் தாமதமாகத்தான் போனேன்.

மீதி ரெண்டு கன்றில் ஒன்று தொட்டியில் இருக்கிறது. இன்னொன்றை அக்கா கேட்டார், பூவைப் பார்த்த பிறகு. சாம்பல் நோய் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அவர் வீட்டிலும் நானே மேடு கட்டி, நட்டு, கூழாங்கல் பரப்பி, "அக்கா, ஒரு வாரத்துக்குத் தண்ணி பக்கமே போகாதீங்க, நான் சொல்றப்ப ஊத்துனா போதும்" என்று மூன்று தடவை சொல்லிவிட்டு வந்தேன். "சரிப்பா சரிப்பா" என்றார். மறுநாள் காலை ஆறு மணிக்கு மதிலுக்கு அந்தப் பக்கம் குழாய் திறக்கும் சத்தம். செருப்புகூடப் போடாமல் ஓடினேன்.